கேமரோவுக்கு ஒரு கிராங்க்ஷாஃப்ட் தேடியபோது

எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் சிலிண்டர் ஹெட்டைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து கேம்ஷாஃப்ட், அதற்கடுத்து கார்புரேட்டர். பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் முறை வரும்போது பேச்சு "ஃபோர்ஜிங்கா, வார்ப்பா?" என்ற (எஃகை அடித்து உருவாக்கியதா, உருக்கி அச்சில் ஊற்றியதா என்ற) ஒரே கேள்வியோடு முடிந்துவிடும். என் 1979 செவ்ரலே கேமரோ இசட்28 காரின் எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டியபோது, அந்தக் கேள்விக்கு முன்பே கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்விகள் பல இருக்கின்றன என்பது எனக்குத் தெளிவானது. அவற்றை வரிசையாகக் கேட்டு வந்தால், எந்த உலோகம் என்பது ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடுகிறது.

நான் வசிப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில். இங்கே உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் ஆகஸ்ட் மாதந்தோறும் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாக வருகின்றன. அதைத் தெருவோரம் நின்று பார்த்தவர்களுக்கு எட்டு சிலிண்டர் கொண்ட ஒரு வி8 எஞ்சின் மேல் ஆசை வராமல் போகாது. செவ்ரலேயின் 'சிறிய பிளாக்' வி8 1955 மாடல் கார்களில் 265 கன அங்குல அளவில் வந்தது. அதன் 350 கன அங்குல வடிவம், அதாவது 5.7 லிட்டர், 1967 கேமரோவில் அறிமுகமானது. என் காரில் இருப்பதும் அதே 350 தான். ஆனால் 1979-இல் அதற்குத் தொழிற்சாலை கொடுத்த கணக்கு 175 குதிரைத்திறன் மட்டுமே. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக கம்ப்ரஷனைக் குறைத்து, மூச்சை அடைத்து வைத்திருந்த காலம் அது. பிளாக்கும் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) கிராங்கும் அதைவிட எவ்வளவோ தாங்கும்.

எங்கள் பகுதியில் எஞ்சின் பட்டறை நடத்தும் முதியவர் ஒருவரிடம் பிளாக்கைக் கொண்டுபோனேன். அவர் பிளாக்கைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளை நீட்டினார். "எவ்வளவு குதிரைத்திறன், அதிகபட்சம் எத்தனை சுற்று, கார் எங்கே ஓடப்போகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். பிறகு மாற்றக்கூடாது" என்றார். நான் எழுதியது: ஏறக்குறைய 450 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 6,200 சுற்று, பெரும்பாலும் சாலை, எப்போதாவது கால் மைல் டிராக் ஸ்டிரிப் (நேர்கோட்டில் ஓடும் பந்தயப் பாதை). டர்போ, சூப்பர்சார்ஜர், நைட்ரஸ் போன்று கூடுதல் சக்தி ஊட்டும் கருவி எதுவும் இல்லை. எஞ்சின் கட்ட நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். பின்னால் நான் எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்தத் தாளைப் பார்த்தே எடுத்தது.

பழைய கிராங்க் வெளியே வந்தபோது அதன் மேல் 3932442 என்ற எண் இருந்தது. சிறிய பிளாக்குடன் பழகியவர்களுக்கு '442' என்றாலே தெரியும்: 350-இன் வழக்கமான நோட்யூலர் இரும்பு (கிராஃபைட் சிறு உருண்டைகளாக உள்ள வார்ப்பிரும்பு) வார்ப்பு. '1182' என்று முடிந்தால் அது தொழிற்சாலையின் ஃபோர்ஜிங். எண் அழிந்திருந்தாலும் கண்ணால் பிரித்தறியலாம். வார்ப்பில் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் மெல்லிய கோடாகத் தெரியும். ஃபோர்ஜிங்கில் பிதுங்கிய உலோகத்தை வெட்டி எடுத்த இடம் அகலமான பட்டையாக இருக்கும். தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினால் ஃபோர்ஜிங் மணிபோல் ஒலிக்கும். வார்ப்பில் ஒலி உடனே அடங்கிவிடும். பழைய கிராங்க் வாங்கப் போகிறவர்கள் இந்தக் கோட்டையும் பட்டையையும் நினைவில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

இனி ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் மேலிருந்து கீழ்வரை போகும் தூரம். இதுதான் உண்மையான முதல் முடிவு.

350-இன் சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். தேய்ந்த சிலிண்டரை 4.030-க்குப் பெரிதாக்கி அதே ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டால் 355 கன அங்குலம் கிடைக்கும். ஸ்ட்ரோக்கை 3.75-க்கு நீட்டினால் 383. வித்தியாசம் ஏறக்குறைய 450 கன சென்டிமீட்டர். கணிசமான அளவுதான். சாலையில் ஓடும் காருக்கு அதனால் கிடைக்கும் உண்மையான லாபம் கீழ்ச்சுற்றில் வரும் இழுவிசை. 2,500 சுற்றில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் பாய வேண்டும் என்பவருக்கு நீண்ட ஸ்ட்ரோக் பொருந்தும். உயர்ந்த சுற்றில் எஞ்சினை ஓட்ட ஆசைப்படுபவருக்குக் குட்டை ஸ்ட்ரோக்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, விநாடிக்கான சுற்றால் பெருக்கினால் வருவது. 3.75 அங்குல ஸ்ட்ரோக் 6,500 சுற்றில் விநாடிக்கு 20.6 மீட்டர் தருகிறது. 3.48 ஸ்ட்ரோக் அதே வேகத்தைத் தொட 7,000 சுற்று வேண்டும். அதாவது ஸ்ட்ரோக்கை நீட்டியவர், பிஸ்டன் வேகத்தின் கணக்கில், 500 சுற்றை விட்டுக்கொடுக்கிறார். நான் தாளில் எழுதியது 6,200. அந்தச் சுற்றில் நீண்ட ஸ்ட்ரோக்கும் விநாடிக்கு 19.7 மீட்டரில்தான் நிற்கிறது. நல்ல பாகங்களுக்கு அது அச்சப்பட வேண்டிய வேகம் அல்ல. எனவே 383.

அடுத்து வருவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்ட்ரோக்கை நீட்டும்போது கிராங்கின் உடல் பலவீனமாகிறது. ஏன் என்பதற்குக் கிராங்கை அதன் முனைப்பக்கத்திலிருந்து பாருங்கள். நடுவில் மெயின் ஜர்னல், அதாவது பிளாக்கின் பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி, ஒரு வட்டம். அதிலிருந்து ஸ்ட்ரோக்கின் பாதித் தூரம் விலகி, ராட் ஜர்னல், அதாவது பிஸ்டனோடு இணைக்கும் ராட் மாட்டும் பகுதி, இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிகின்றன. அந்தப் படியும் பகுதியைத்தான் ஓவர்லாப் என்கிறார்கள். கிராங்கை முறுக்கவும் வளைக்கவும் முயலும் விசை எல்லாம் இந்த வழியாகவே போகிறது. 350-இல் மெயின் ஜர்னல் 2.45 அங்குலம், ராட் ஜர்னல் 2.10. இரண்டின் ஆரங்களைக் கூட்டி, பாதி ஸ்ட்ரோக்கைக் கழித்தால் ஓவர்லாப் 0.535 அங்குலம், அதாவது 13.6 மில்லிமீட்டர். அதே ஜர்னல்களோடு ஸ்ட்ரோக்கை 3.75 ஆக்கினால் அது 0.400 அங்குலமாக, 10.2 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. கால்பங்கு போய்விட்டது.

383 முதலில் எப்படிப் பிறந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970 முதல் 1980 வரை செவ்ரலே செய்த 400 கன அங்குல எஞ்சினின் கிராங்கை எடுத்து, அதன் 2.65 அங்குல மெயின் ஜர்னலை 2.45-க்குக் கிரைண்ட் செய்து 350 பிளாக்கில் போட்டார்கள். அந்த 400 கிராங்க் தன் சொந்த பிளாக்கில் அரை அங்குல ஓவர்லாப்போடு இருந்தது. ஜர்னலைக் குறைத்ததும் 0.400-க்கு இறங்கியது, அதுவும் வார்ப்பிரும்பில். அப்படிக் கட்டிய எஞ்சின்கள் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இன்று 3.75 ஸ்ட்ரோக்கோடு, 2.45 மெயினோடு நேரடியாகச் செய்த புதிய கிராங்குகள் எளிதாகக் கிடைக்கும்போது, பழைய 400 கிராங்கைத் தேடிப்போக எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஓவர்லாப் குறைகிறது என்றால் இழந்த பலத்தை உலோகத்திலிருந்து எடுக்க வேண்டும். உலோகக் கேள்வி இப்போதுதான் வருகிறது.

சந்தையில் 383-க்குக் கிடைப்பவை பொதுவாக நான்கு வகை. நோட்யூலர் இரும்பு வார்ப்பு, எஃகு வார்ப்பு, 5140 அல்லது 4340 ஃபோர்ஜிங், கடைசியாக முழு எஃகு உருளையிலிருந்து கடைந்தெடுக்கும் பில்லெட். பில்லெட் ஆயிரக்கணக்கான டாலர் விலை. முழுநேரப் பந்தய எஞ்சினுக்கு உரியது. என் தாளில் இருந்ததற்கு அது தேவையே இல்லை. 4340 என்பது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் கலந்த எஃகு. கார்பன் ஏறக்குறைய 0.4 சதவீதம். வெப்பப் பதப்படுத்தலை அது உள்வரை ஏற்கும் என்பதுதான் அதன் பெருமை. தடித்த பாகத்தின் நடுப்பகுதியும் வெளிப்பகுதியைப் போலவே உறுதிப்படும். 5140-இல் நிக்கலும் மாலிப்டினமும் கிடையாது. விலை குறைவு, வலிமை ஒரு படி கீழே.

வார்ப்புக் கிராங்கை இகழ்ந்து பேசுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. ஒழுங்காகச் செய்த எஃகு வார்ப்புக் கிராங்க், டர்போவும் நைட்ரஸும் இல்லாமல், 6,000 சுற்றுக்குள், 400 குதிரைத்திறன் வரை நிம்மதியாக ஓடும் என்பதைப் பட்டறைக்காரர்கள் பலரும் சொல்கிறார்கள். என் தாளில் எழுதியது அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. வார்ப்பு எல்லை மீறும்போது எச்சரிக்காமல் உடையும். ஃபோர்ஜிங் பெரும்பாலும் விரிசலாகத் தொடங்கும். அடுத்த முறை எஞ்சினைப் பிரிக்கும்போது காந்தத் துகள் சோதனையில் அதைப் பிடித்துவிடலாம். கூடுதல் பணம் எதற்கு என்று கேட்டால் எனக்கு இந்தக் காரணமே போதும். 4340 ஃபோர்ஜிங்கை முடிவு செய்தேன்.

ஃபோர்ஜிங்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. வி8-இன் கிராங்கில் ராட் ஜர்னல்கள் 90 பாகைக்கு ஒன்றாக நான்கு திசையில் நிற்கின்றன. பழைய முறையில் கிராங்கைத் தட்டையாக அடித்து, சூடாக இருக்கும்போதே முறுக்கி அந்தக் கோணத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது நல்ல நிறுவனங்கள் முறுக்காமல், ஜர்னல்களை அவற்றின் இடத்திலேயே வைத்து அடிக்கின்றன. உலோகத்தின் இழையோட்டம் சீராக இருக்கும். உள்ளே தங்கும் இறுக்கம் குறையும். விற்பனைத் தாளில் இது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

மேற்பரப்பின் பதத்தையும் கேட்க வேண்டும். நைட்ரைடிங், அதாவது சூட்டில் மேற்பரப்புக்குள் நைட்ரஜனை ஏற்றும் பதம், செய்த ஜர்னல் மேலே மிகக் கடினமாக இருக்கும். ஆழம் போகப் போகக் கடினம் குறையும். அது தேய்மானத்தைக் குறைப்பதோடு, சோர்வால் வரும் விரிசலையும் தள்ளிப்போடுகிறது. ஆனால் பின்னால் ஒருநாள் கிரைண்ட் செய்ய நேர்ந்தால் கடினமான அடுக்கு அதோடு போய்விடும். மறுபடி நைட்ரைடிங் செய்ய வேண்டும். அந்தச் சூட்டில் கிராங்க் கொஞ்சம் வளையவும் வாய்ப்பு இருப்பதால் நேர்த்தன்மையையும் திரும்பச் சோதிக்க வேண்டும். கிரைண்ட் செய்யப்பட்ட பழைய ஃபோர்ஜிங்கை வாங்குபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

உலோகம் முடிவான பிறகும் இரண்டு விஷயம் மிச்சம் இருந்தது. பின்புற ஆயில் சீல் முதலாவது. 1986 மாடலிலிருந்து செவ்ரலே அதை ஒற்றைத் துண்டாக மாற்றியது. அதற்கு முந்தைய பிளாக்குகளுக்கு இரண்டு துண்டு சீல். கிராங்கின் பின்முனை இரண்டுக்கும் வேறு வேறு. என் பிளாக் 1979, இரண்டு துண்டு. ஆர்டர் கொடுக்கும்போது பிளாக்கின் ஆண்டைச் சொல்லிவிட்டால் போதும்.

மற்றது பேலன்ஸ். இதில்தான் எல்லாப் பாகங்களும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டிருக்கின்றன.

கிராங்கில் எதிர் எடைகளாக இருக்கும் கவுண்டர்வெயிட்கள் ராட், பிஸ்டன் ஆகியவற்றின் எடையை ஈடுகட்ட வேண்டும். 400 எஞ்சினில் அதற்குக் கிராங்கில் இடம் போதவில்லை. மீதி எடையைக் கிராங்கின் முன்முனையில் அதிர்வை விழுங்கும் டேம்பரிலும், பின்முனையில் கியரோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டிலும் ஒருபக்கமாக வைத்தார்கள். இது வெளிப்புற பேலன்ஸ். கவுண்டர்வெயிட்களுக்குள்ளேயே கணக்கு முடிந்தால் உட்புற பேலன்ஸ். கிராங்கின் இரு முனைகளிலும் ஒருபக்க எடை தொங்கினால், உயர்ந்த சுற்றில் அது கிராங்கை வளைக்கப் பார்க்கும். சாதாரணச் சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு இது பெரிய குறை அல்ல. ஆனால் எதிர்காலத்தில் டேம்பரையோ ஃபிளெக்ஸ் பிளேட்டையோ மாற்றும்போது சரியான ஒருபக்க எடை கொண்டதையே தேட வேண்டும் என்ற தலைவலி மிஞ்சும். உட்புற பேலன்ஸ்தான் வேண்டும் என்று நான் நின்றேன்.

அந்த முடிவு அடுத்ததை இழுத்து வந்தது. உட்புற பேலன்ஸ் செய்யும் 383 கிராங்குகளில் கவுண்டர்வெயிட் பெரிதாக இருக்கும். பல கிராங்குகள் 6.0 அங்குல ராடுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை, பழைய 5.7 அங்குல ராடைப் போட்டால் பிஸ்டன் கீழே வரும்போது அதன் பாவாடைப் பகுதி கவுண்டர்வெயிட்டைத் தொட்டுவிடலாம். ஆகவே 6.0 ராட். ராட் நீண்டதும் பிஸ்டனின் உயரம் குறைய வேண்டும். பிளாக்கின் டெக் உயரம், அதாவது கிராங்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை, 9.025 அங்குலம். அதில் பாதி ஸ்ட்ரோக் 1.875, ராட் 6.0 போக, பிஸ்டனை ராடோடு கோக்கும் முளையான பின்னுக்கு மேலே 1.150 அங்குலம்தான் மிஞ்சும். அந்த உயரத்தில் பின்னின் துளை ஆயில் ரிங் பள்ளத்தை வெட்டிக்கொண்டு போகிறது. ரிங்குக்குத் தாங்கலாக ஒரு மெல்லிய எஃகு வளையம் கூடுதலாகப் போட வேண்டும். ஒரு கிராங்கை முடிவு செய்ததில் ராட், பிஸ்டன், ரிங் வரை முடிவாகிவிட்டன. கிராங்கைத் தனியாக வாங்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்கும் நண்பர்களுக்கு இந்த ஒரு பத்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நீண்ட ராடால் சக்தி கூடும் என்று சிலர் வாதிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6,200 சுற்றில் பிஸ்டன் மேலே திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 2,700 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் சேர்ந்து 600 கிராம் என்றால் அந்தக் கணத்தில் ராடை இழுக்கும் விசை ஒன்றரை டன்னுக்கு மேல். ராடை 5.7-லிருந்து 6.0 ஆக்கினால் இது குறைவது ஒன்றேகால் சதவீதம்தான். எடை குறைந்த பிஸ்டன் தரும் லாபம் இதைவிடப் பெரிது.

அந்த எடைக் குறைவு பேலன்ஸுக்கும் உதவியது. வி8-க்கு பேலன்ஸ் செய்யும்போது ஒவ்வொரு ராட் ஜர்னலிலும் 'பாப்வெயிட்' என்ற போலி எடையை மாட்டிச் சுழற்றுவார்கள். சுழலும் எடை முழுவதும், மேலும் கீழும் போகும் எடையில் பாதியும் சேர்ந்தது அது. என் பாகங்களுக்கு அது 1,750 கிராமை ஒட்டி வந்தது. கிராங்கை அதன் தயாரிப்பாளர் 1,800 கிராமுக்குக் கணக்கிட்டிருந்தார். கவுண்டர்வெயிட் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் துளையிட்டு எடையைக் குறைத்தாலே போதுமாக இருந்தது. நிலைமை மாறி, பாப்வெயிட் கிராங்கின் கணக்கைத் தாண்டியிருந்தால் கவுண்டர்வெயிட்டில் டங்ஸ்டன் உலோகத் துண்டுகளை அடித்துச் சேர்க்க வேண்டும். எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமான அந்த உலோகத்தின் விலையும், வேலைக்கூலியும் கிராங்கில் மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடும். கிராங்க் வாங்கும்போதே அதன் பாப்வெயிட் இலக்கு என்ன என்று கேட்டு, உங்கள் பிஸ்டன், ராட் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டி வந்தது. சீட்டில் 4340 என்றும் நைட்ரைடிங் செய்யப்பட்டது என்றும் இருந்தது. முதியவர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, கிராங்கைக் கழுவித் துடைத்து, பட்டறைக்குள் இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் காலைதான் அளந்தார். மிச்சிகன் குளிரில் லாரியில் வந்த எஃகு. 15 பாகை செல்சியஸ் வித்தியாசமே மெயின் ஜர்னலின் விட்டத்தை அங்குலத்தில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு மாற்றிவிடும். ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே நாம் தேடும் இடைவெளியே ஆயிரத்தில் இரண்டரைதான். பிளாக், கிராங்க், மைக்ரோமீட்டர் மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு மாற்ற முடியாத விதி.

முன் மெயினையும் பின் மெயினையும் வி-பிளாக்கில் தாங்கவைத்து, நடு மெயினில் டயல் கேஜை வைத்துக் கையால் சுழற்றினார். ஊசி ஆயிரத்தில் ஒன்றுக்குள்ளேயே ஆடியது; அதில் குறை இல்லை. பிறகு ஒவ்வொரு ஜர்னலையும் இரு ஓரங்களிலும் நடுவிலும், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். மூன்றாவது ராட் ஜர்னலில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் பத்தாயிரத்தில் எட்டு பங்கு வித்தியாசம். அதில் பாதிகூட இருக்கக்கூடாது. அடுத்து அவர் செய்ததை நான் எப்போதும் மறக்க மாட்டேன்: பழைய பருத்தித் துணி ஒன்றை எடுத்து ஜர்னலின் மேல் மெதுவாக இழுத்தார். ஆயில் துளையின் விளிம்பில் துணியின் இழை சிக்கி நூலாக நீண்டது. துளையின் ஓரம் சரியாக மழுக்கப்படவில்லை; அது பேரிங்கைக் கீறிக்கொண்டே இருக்கும். ஓரத்தை இங்கேயே மழுக்கிவிடலாம், ஆனால் சாய்வான ஜர்னலை ஏற்க மாட்டேன் என்றார். திருப்பி அனுப்பினோம். மாற்றாக வந்த கிராங்க் எல்லா இடத்திலும் அளவுக்குள் இருந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, கிராங்கின் பெயரையும் உலோகத்தையும்விட ஜர்னலின் அளவையே நான் அதிகம் நம்புகிறேன். சீராகக் கிரைண்ட் செய்த எஃகு வார்ப்பு, சாய்வாகக் கிரைண்ட் செய்த 4340-ஐவிட நீண்ட நாள் ஓடும். எஞ்சினில் பேரிங் அழிந்தால், கிராங்க் எந்த உலோகம் என்பதால் பயனில்லை.

ஜர்னலும் அதன் பக்கச்சுவரான கன்னமும் சேரும் மூலையையும் பார்த்தார். அந்த மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்; ஆகவே நல்ல கிராங்குகளில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவு கொடுத்திருப்பார்கள். வளைவு பெரிதாக இருப்பது பலம். ஆனால் சாதாரணப் பேரிங்கின் விளிம்பு அந்த வளைவின்மேல் ஏறி உட்கார்ந்துவிடக்கூடும். அதற்கென்றே கொஞ்சம் குறுகலான பேரிங்குகள் விற்கிறார்கள், அவற்றையே வாங்கினோம். ராடின் பெரிய முனையில் ஒரு பக்கம் மட்டும் சரிவாக வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் வளைவை நோக்கியும், தட்டைப் பக்கம் பக்கத்து ராடை நோக்கியும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எஞ்சின் கையால் சுற்றும்போதே பிடிக்கும்.

நீண்ட ஸ்ட்ரோக் பிளாக்கோடும் சண்டை போடும். ராட் போல்டின் தலை சிலிண்டரின் கீழ் விளிம்பையும் ஆயில் பான் விளிம்பையும் உரசப் பார்க்கும். மேலே கேம்ஷாஃப்டையும் நெருங்கும். ஒவ்வொரு ராடாக மாட்டி, கையால் மெதுவாகச் சுழற்றி, நெருக்கமான இடத்தில் பிசைமண் வைத்து, அது எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்தோம். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். இல்லாத இடத்தில் பிளாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தோம். அங்கே அவசரம் ஆகாது. ஆழமாகப் போனால் தண்ணீர் அறை திறந்துகொள்ளும். போல்டும் நட்டும் கொண்டு இறுக்கும் ராடைவிட, போல்ட் நேராக ராடுக்குள் இறங்கும் வகை கேமுக்கு அதிக இடம் விடுகிறது என்பதும் அந்த மேசையில்தான் தெரிந்தது.

பேரிங் இடைவெளிக்குப் பழைய விதி ஒன்று உண்டு: ஜர்னல் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு அங்குலம். மெயினுக்கு ஆயிரத்தில் இரண்டரை, ராடுக்கு ஆயிரத்தில் இரண்டு, மேலே கொஞ்சம் கூடலாம். பேரிங்கைக் கீழிருந்து பிடிக்கும் மெயின் கேப்களை முறையான இறுக்கத்தில் மாட்டிய பிறகே உள்விட்டத்தை அளக்க வேண்டும். சிறிய பிளாக்கில் முன்பின் அசைவைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் ஐந்தாவது மெயினில், பின்னால் இருக்கிறது. அந்தக் கேப்பைக் கடைசியாக இறுக்கும் முன் கிராங்கை முன்னும் பின்னும் மெதுவாகத் தட்டி, பேரிங்கின் இரு பாதிகளும் ஒரே தளத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். தானியங்கி கியர் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். டார்க் கன்வர்ட்டர் கிராங்கை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

டேம்பரைப் பற்றிச் சுருக்கமாக. பலர் அதை பேலன்ஸர் என்று அழைத்தாலும், அதன் முக்கிய வேலை ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் முறுக்கி விடுபடும் அதிர்வை விழுங்குவது. நன்றாக பேலன்ஸ் செய்த கிராங்கும் நல்ல டேம்பர் இல்லாவிட்டால் உடையும். ரப்பர் வெடித்த பழைய டேம்பரைத் திரும்பப் போடாதீர்கள். கால் மைலை 10.99 விநாடிக்குள் ஓடும் கார்களுக்கு அமெரிக்க டிராக் பந்தய விதியே டேம்பருக்கு எஸ்.எஃப்.ஐ. 18.1 என்ற பாதுகாப்புத் தரச் சான்று கேட்கிறது. நான் அவ்வளவு வேகம் ஓட்டப்போவதில்லை. ஆனாலும் சான்று பெற்றதையே வாங்கினேன்.

ராட் ஜர்னல்கள் எல்லாம் ஒரே தளத்தில் நிற்கும் ஃபிளாட் பிளேன் கிராங்க் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2023 கோர்வெட் இசட்06-இன் 5.5 லிட்டர் எஞ்சின் அதை வைத்து 8,600 சுற்று வரை போகிறது, ஓசையும் அற்புதம். ஆனால் அந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 80 மில்லிமீட்டர். 383-இன் ஸ்ட்ரோக் 95. ஃபிளாட் பிளேனில் சுற்றுக்கு இருமுறை வரும் இரண்டாம் நிலை அதிர்வு ஈடுகட்டப்படாமல் மிஞ்சும், ஸ்ட்ரோக்கும் பிஸ்டன் எடையும் கூடக்கூட அது பெருகும். கேடிலாக் 1923-லேயே 90 பாகை கிராங்குக்கு மாறியது இந்த அதிர்வைத் தீர்க்கத்தான். சாலைக்கான பழைய சிறிய பிளாக்குக்கு அந்த ஆசை வேண்டாம்.

அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர் சென்ற ஆண்டு 350 எஞ்சின் வாங்கினார். "அண்ணா, 383 பாகங்கள் முழு செட்டாகத் தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். அவரையும் அந்த மூன்றையும் எழுதச் சொன்னேன். 350 குதிரைத்திறன், 5,500 சுற்று, வார இறுதியில் குடும்பத்தோடு சாலையில். கையிருப்பும் அளவானதுதான். அவருடைய கிராங்கும் '442' வார்ப்பு. காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை. ஜர்னல்களை ஆயிரத்தில் பத்து குறைத்துக் கிரைண்ட் செய்தால் சரியாகிவிடும் நிலை. நோட்யூலர் இரும்பாகையால், கடைசி பாலிஷை எஞ்சின் சுற்றும் திசையிலேயே செய்யும்படி கிரைண்ட் செய்பவரிடம் கேட்டுக்கொண்டோம். இல்லையென்றால் இரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் முடிச்சுகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பிசிறு பேரிங்கை எதிர்த்து நிற்கும். புதிய பிஸ்டன்களோடு பேலன்ஸ் செய்து 355-ஆகக் கட்டினார். மிச்சமான பணம் நல்ல அலுமினியம் ஹெட்களுக்குப் போனது. பிளாக்கைத் தேய்க்கும் வேலையும் இல்லை, கேமை உரசும் கவலையும் இல்லை. அந்தத் தாளுக்கு அதுவே சரியான கிராங்க். சூப்பர்சார்ஜர் போடும் எண்ணம் வந்தால் மட்டும் என்னிடம் முதலில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பெல்ட் கிராங்கின் மூக்கை இழுக்கும் விசைக்கு, பெல்ட் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் இரட்டைச் சாவிப் பள்ளமும் ஃபோர்ஜிங்கும் வேண்டும், தாளைப் புதிதாக எழுதித் தொடங்க வேண்டியிருக்கும்.